ரோமிலிருந்து ஒரே நாளில் அமால்ஃபி கடற்கரை: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு எந்தச் சுற்றுலாவில் போகலாம்?

நீலவானம் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் கடைசி வாரம் நான், அம்மா, என் பையன் மூன்று பேரும் இத்தாலி போகிறோம். தங்குவது முழுக்க ரோமில்தான். அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது, இனி மாற்ற வழியில்லை. ஒரு நாளை அமால்ஃபி கடற்கரைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். நானே திட்டம் போட்டு அலையத் தெம்பு இல்லை, அதனால் யாராவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் ஒருநாள் சுற்றுலாவாகத் தேடுகிறேன்.

பார்த்து வைத்திருப்பவை இரண்டு.

முதலாவது, ரோமிலிருந்து பெரிய பஸ். காலை 7 மணிக்குக் கிளம்பி, எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெய்யில் 2 மணி நேரம், அப்புறம் பொசிட்டானோ, இரவு எட்டரைக்குத் திரும்ப ரோம். "வழிகாட்டி உண்டு" என்று போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, நாமே ரயிலில் நேப்பிள்ஸ் போய்விட வேண்டும். ஸ்டேஷனிலிருந்து 8 பேர் வேனில் ஏற்றிக்கொண்டு பொசிட்டானோ, அமால்ஃபி, ராவெல்லோ மூன்று ஊர்களையும் காட்டி மாலையில் அதே ஸ்டேஷனில் விடுவார்கள். இதில் "ஆங்கிலம் பேசும் ஓட்டுநர்" என்று மட்டும் இருக்கிறது. விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒன்றுதானா, வேறா?

அம்மாவுக்கு வயது 68. படி ஏறிவிடுவார், இறங்குவதுதான் கஷ்டம், முழங்கால் பிடித்துக்கொள்ளும். வளைவு அதிகமுள்ள ரோட்டில் வயிற்றைப் புரட்டும். வாய் திறந்து சொல்லவும் மாட்டார். "நான் வண்டியிலேயே இருக்கேன், நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் அன்றைய நாள் முடிய வேண்டும் என்பதுதான் என் ஆசை. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பையனுக்கு ஒன்பது வயது. காட்சி, கோயில் எதிலும் ஆர்வமில்லை, படகு என்றால் மட்டும் கண் விரியும்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலுசக்கரம்:

எதுக்குங்க சுற்றுலா? நேப்பிள்ஸில் வாடகைக்கு ஒரு சின்ன கார் எடுங்கள். அம்மாவுக்குத் தலை சுற்றினால் நிறுத்தலாம், பிடித்த இடத்தில் இறங்கலாம். யாரோ கையில் குச்சியில் கொடி கட்டிக்கொண்டு "வாங்க வாங்க" என்று விரட்ட, பின்னால் ஓட வேண்டியதில்லை.

தெற்குக்காற்று:

அமால்ஃபி கடற்கரையின் கிழக்கு முனையில் இருக்கும் சலெர்னோ நகரில் எனக்கு வேலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்தக் கடற்கரையைக் காட்டும் பொறுப்பு என் தலையில்தான் விழும். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கார். வேண்டாம். எஸ்எஸ் 163 என்கிற அந்த ரோடு, மலையைக் குடைந்து 19ஆம் நூற்றாண்டில் போட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இடுப்பளவு சுவர், அதற்கப்பால் கடல். எதிரில் பஸ் வந்தால் யார் பின்னால் எடுப்பது என்று கண்ணாலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். செப்டம்பர் முடியும்வரை சனி, ஞாயிறுகளில் பகல் 10 மணியிலிருந்து மாலை 6 வரை வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து ஒற்றைப்படை, இரட்டைப்படை நாள் கட்டுப்பாடு உண்டு, வாடகை காருக்கும் சேர்த்து. வார நாளில் போனால் அது இல்லை, ஆனால் வண்டியை நிறுத்த இடமும் இல்லை. ஓட்டுகிறவர் கடலைப் பார்க்கவே முடியாது. நீங்கள்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு எதற்கு இந்த ஊர்?

அடுத்து ரோம் பஸ். பொம்பெய் நல்ல இடம், சந்தேகமே இல்லை. ஆனால் கரடுமுரடான எரிமலைக்கல் பாவிய தெருக்கள், நிழல் கிடையாது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக உயரமான கற்களில் கால் வைத்துத் தாண்ட வேண்டும். அதை முடித்துவிட்டு வளைவு ரோட்டில் ஏறினால் அம்மா பாவம். போகவர பஸ்ஸிலேயே ஏழு எட்டு மணி நேரம் கரையும். பெரிய பஸ் பொசிட்டானோவின் உள்தெருவுக்கு வராது. மேலே மெயின் ரோட்டில் இறக்கிவிடுவார்கள், அல்லது சின்ன வண்டிக்கு மாற்றுவார்கள்.

இங்கேதான் விஷயம். பொசிட்டானோ என்பது செங்குத்தான சரிவில் அடுக்கிய ஊர். ரோட்டு வழியாகப் போனால் உச்சியில் இறங்குவீர்கள். கடற்கரைக்குப் போக இறங்கு, இறங்கு, இறங்கு. சிறிய வேனே ஆனாலும் மூலினி சதுக்கம் வரைதான். அதற்குக் கீழே கடைகளுக்கு நடுவே சரிவும் படியுமாக நடைதான். இறங்கும்போது முழங்கால் பிடிக்கிறவருக்கு இதைவிட மோசமான ஊரை யாரும் கட்டியிருக்க முடியாது. அங்கேதான் நீங்கள் பயப்படுகிற அந்த வாக்கியம் வரும்.

படகில் போனால் எல்லாம் தலைகீழ். கடற்கரையை ஒட்டிய துறையில் இறக்கிவிடுவார்கள். நேராக நடந்தால் வரிசையாக உணவகங்கள், நாற்காலிகள். ஒரு படிகூட ஏறாமல் உட்கார்ந்து மொத்த ஊரையும் அண்ணாந்து பார்க்கலாம். மஞ்சளும் பச்சையுமாக ஓடு பதித்த சாந்தா மரியா அசுந்தா தேவாலயத்தின் குவிமாடம் தலைக்கு மேலே தெரியும். உள்ளே போக ஆசைப்பட்டால் கொஞ்சம் படி ஏற வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே என் யோசனை இரண்டிலும் சேராத மூன்றாவது. நேப்பிள்ஸில் இறங்காமல் அதே வேக ரயிலில் சலெர்னோவரை வாருங்கள், ரோமிலிருந்து சுமார் 2 மணி நேரம். ஸ்டேஷனுக்கு எதிரே கொஞ்ச தூரத்தில் கொன்கார்டியா சதுக்கத்துப் படகுத்துறை. அங்கிருந்து அமால்ஃபிக்கு 35 நிமிடம். வலப்பக்கம் உட்காருங்கள், கரை அந்தப் பக்கம்தான் வரும். சின்னக் குழுவாக, கூடவே ஆள் வந்து விளக்கும் படகுச் சுற்றுலாக்களும் இங்கிருந்து கிளம்புகின்றன. ஆனால் சில மிகச் சின்னப் படகுகள், ஏறும்போது ஒரு காலைத் தூக்கித் தாண்ட வேண்டியிருக்கும். பலகைப் பாலம் போட்டு ஏற்றுகிற படகுதானா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

படகிலிருந்து கவனித்தால் மலைச்சரிவில் படிப்படியாக எலுமிச்சைத் தோட்டங்கள் தெரியும். செஸ்ட்நட் மரக் கழிகளால் பந்தல் போட்டு, மேலே வலை விரித்திருப்பார்கள். சாந்து இல்லாமல் வெறும் கல் அடுக்கிய சுவர்கள்தான் அந்த மண்ணையே தாங்கி நிற்கின்றன. அந்தக் காலத்தில் எலுமிச்சைக் கூடைகளைத் தோளில் சுமந்து கடல்வரை இறக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்தக் கரையே 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அந்தப் பெண்களின் முதுகுக்குத்தான் முதலில் பட்டம் கொடுத்திருக்க வேண்டும் என்பேன் நான்.

அமால்ஃபி துறையிலிருந்து நடுச்சதுக்கம் சமதரைதான். அங்கே மட்டும் ஒரு வழிகாட்டியை ஒன்றரை மணி நேரத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கும் இதுவே பதில்: ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு. இத்தாலியில் வழிகாட்டிக்கு அரசு உரிமம் வேண்டும். ஓட்டுநர் வண்டியில் போகும்போது நாலு கதை சொல்வார், ஊர் வந்ததும் "ஒன்றரைக்கு இங்கே வாருங்கள்" என்று விட்டுவிடுவார், தேவாலயத்துக்குள் வந்து விளக்க மாட்டார். பதிவு செய்யும்போது "கூய்தா அபிலித்தாத்தா" உண்டா என்று கேளுங்கள். உரிமம் பெற்ற வழிகாட்டியை அப்படித்தான் சொல்வார்கள்.

அமால்ஃபிக்கு வழிகாட்டி ஏன் முக்கியம் என்றால், பார்த்தால் சின்ன ஊர், சொன்னால்தான் பெரிய ஊர். வெனிஸ் மாதிரி தனிக் கடல் குடியரசாக இருந்தது. 1135இல் பீசாக்காரர்கள் வந்து சூறையாடினார்கள். 1343இல் கடல் பொங்கி ஊரின் கீழ்ப்பகுதியைக் கொண்டுபோனது. தேவாலயத்தின் வெண்கலக் கதவு 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோப்பிளில் வார்த்துக் கொண்டுவந்தது. அந்தக் கதவுக்கு 62 படி. அம்மா ஏறிவிடுவார், இறங்கும்போது கைப்பிடி ஓரமாக நிதானமாக வரட்டும். வேண்டாமென்றால் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்தே முகப்பைப் பார்க்கலாம். அதற்கும் குறைவில்லை.

நீலவானம்:

அண்ணா, மேலே இறங்குவதா கீழே இறங்குவதா என்ற இந்தக் கோணம் எந்த விளம்பரத்திலும் இல்லை. ரொம்ப நன்றி. மூன்று சந்தேகம். ராவெல்லோவை விட்டுவிடலாமா? கடல் கொந்தளித்தால் என்ன செய்வது? படகிலும் அம்மாவுக்கு வயிறு புரட்டுமே?

புளிசாதம்:

சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். நானும் முட்டை சாப்பிடாத ஆள்.

அங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பக்கத்து ஊரான கிரான்யானோவில் செய்யும் உலர்ந்த பாஸ்தா வெறும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான், பயமில்லை. கையால் செய்த "ஃப்ரெஷ்" பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். அந்தக் கரையின் பிரபலமான ஷலத்தியெல்லி என்ற பாஸ்தாவில் பாலும் சீஸும் நிச்சயம், சில கடையில் முட்டையும் சேர்ப்பார்கள். மரினாரா பிட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும், மீன் கிடையாது. அம்மாவுக்கு அதுதான் சரி. பார்மிஜானோ சீஸில் பாலை உறையவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேரும், அதுவும் ஆகாது என்றால் தூவ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கீரை, காய் என்று எழுதியிருந்தாலும் நெத்திலி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்தில் சேத்தாரா என்ற மீனவ ஊரில் நெத்திலியை உப்பில் ஊறவைத்து ஒரு சாறு இறக்குவார்கள், அது பாஸ்தாவில் கண்ணுக்கே தெரியாது. "சென்சா உவோவோ, சென்சா பெஷே, சென்சா கார்னே" என்றால் முட்டை, மீன், கறி எதுவும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுங்கள், அது இன்னும் நல்லது.

எலுமிச்சை கேக் வேண்டாம், முட்டை நிறைய. எலுமிச்சை கிரானித்தா வாங்கிக் கொடுங்கள். ஐஸ், சர்க்கரை, சாறு. பையன் இரண்டாவது கேட்பான்.

நாலுசக்கரம்:

சரி, கார் வேண்டாம். ஆனால் படகுக்கும் ஒரு நேரம் காலம் உண்டுதானே? மாலையில் கடைசிப் படகை விட்டுவிட்டால் அந்த வளைவு ரோட்டில்தான் திரும்ப வேண்டும். அதையும் சொல்லுங்கள்.

தெற்குக்காற்று:

நியாயமான கேள்வி. கடைசிப் படகை நம்பித் திட்டம் போடாதீர்கள், அதற்கு முந்தையதில் இடம் பிடியுங்கள். பொசிட்டானோவிலிருந்து சலெர்னோவுக்கு 70 நிமிடம் ஆகும். அதற்கப்புறம் ரயிலுக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரயில் டிக்கெட்டும் மாற்றக்கூடிய வகையாக இருக்கட்டும், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை.

ராவெல்லோவை நான் விடமாட்டேன். கடலிலிருந்து சுமார் 350 மீட்டர் உயரம், ஆனால் மேலே போய்விட்டால் சதுக்கம் சமதரை, வில்லா ருஃபோலோ என்ற பழைய தோட்ட மாளிகை அங்கேயே இருக்கிறது. 1880இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் வந்து, தன் இசைநாடகத்துக்கு வேண்டிய மாயத்தோட்டம் இதுதான் என்று முடிவு செய்த இடம். கோடையில் அந்தத் தோட்ட விளிம்பில் கடலுக்கு மேல் மேடை கட்டிக் கச்சேரி நடத்துவார்கள். அங்கே இருக்கும் இன்னொரு தோட்ட மாளிகையான வில்லா சிம்ப்ரோனேயை விட்டுவிடுங்கள். அழகுதான், ஆனால் வழியில் படிகள் உண்டு. அமால்ஃபி சதுக்கத்தில் டாக்ஸி பிடித்தால் போதும், வளைவு ரோடு அந்த ஒரு துண்டுதான். அம்மா முன்சீட்டில் உட்காரட்டும். ஏறும் முன்பே வாடகையைப் பேசி முடியுங்கள், காத்திருந்து திரும்பக் கொண்டுவருவதையும் சேர்த்து.

நேரம் போதவில்லை என்றால் எதை விடுவது? பொசிட்டானோவில் இறங்குவதை. பையனுக்குப் படகில் இருக்கும் நேரம்தான் கணக்கு, அதை மட்டும் குறைக்காதீர்கள். அமால்ஃபிக்கும் பொசிட்டானோவுக்கும் நடுவே ஃபுரோரே என்ற இடத்தில் மலை பிளந்து கடல் உள்ளே நுழைந்திருக்கும், மேலே ரோட்டுப்பாலம். கோடையில் அந்தப் பாலத்திலிருந்து குதிக்கும் போட்டியே நடந்திருக்கிறது. அவனுக்குக் காட்டுங்கள், குதிக்க மட்டும் விடாதீர்கள்.

வயிறு புரட்டலுக்கு இங்கே மருந்துக்கடைகளில் டைமென்ஹைட்ரினேட் கலந்த சூயிங் கம் கிடைக்கும். தூக்கம் வரவைக்கும், அம்மா வேறு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். படகில் நடுப்பகுதியில், காற்று படும் இடத்தில் உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பார்த்தால் பலருக்கு மருந்தே வேண்டியிருக்காது.

கடல் மோசமானால் படகு ஓடாது, செப்டம்பர் கடைசியில் அது நடக்கக்கூடியதுதான். முந்தின நாள் மாலை கடல் நிலவரம் பாருங்கள். ஓடாது என்று தெரிந்தால் பொசிட்டானோவை ரோட்டு வழியாகத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். சலெர்னோவரை வந்து, அங்கிருந்து உள்ளூர் ரயிலில் பெஸ்தும் போங்கள், முக்கால் மணிக்குள் வந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து சற்று நடந்தால் கிமு 6, 5ஆம் நூற்றாண்டுகளின் கிரேக்கக் கோயில்கள் மூன்று, சமதரையில், புல்வெளி நடுவே. அருங்காட்சியகத்தில் ஒருவன் தண்ணீரில் தலைகீழாகப் பாயும் ஓவியம் வரைந்த கல்லறைப் பலகை இருக்கிறது, பையனை நேராக அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

நீலவானம்:

சலெர்னோவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், மாற்றக்கூடிய வகை. அமால்ஃபியில் உரிமமுள்ள வழிகாட்டிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், 11 மணிக்குத் தேவாலயப் படிக்குக் கீழே சந்திக்கலாமா என்று. பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். புளிசாதம் அக்கா, அந்த மூன்று "சென்சா"வையும் பெரிய எழுத்தில் எழுதி அம்மா கைப்பையில் வைத்தாயிற்று.