ஆலையிலேயே இப்படிச் செய்தார்களா? நேரில் பார்த்த அபூர்வ அமெரிக்கக் கார்கள்

யாரோ பிற்காலத்தில் பட்டறையில் வெட்டி ஒட்டிய கார்களைப் பற்றி இங்கே கேட்கவில்லை. ஆலையிலிருந்தே விசித்திரமாக வெளிவந்து, கொஞ்ச காலத்தில் காணாமல் போன பழைய அமெரிக்கக் கார்களைத்தான் கேட்கிறேன். எங்கே பார்த்தீர்கள், பக்கத்தில் போய் நின்றபோது என்ன கவனித்தீர்கள் என்று எழுதுங்கள். ஏலத்தில் கோடிக்கணக்கில் போகும் கார்களை எல்லோருக்கும் தெரியும். என் மனம் போவது வேறு பக்கம். செய்த கம்பெனியோ விற்ற டீலரோ "இது வேண்டாம், மாற்றிவிடலாம்" என்று பின்வாங்கிய கார்கள் இருக்கின்றனவே, அவற்றில் மாற்றப்படாமல் தப்பித்த ஒன்றைப் பார்த்தால் எனக்கு அன்று முழுவதும் வேறு நினைப்பே வராது.

நானே தொடங்குகிறேன். ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர்.

மிச்சிகனில் லான்சிங் பக்கம் கோடைக்காலத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடுவார்கள். ஓல்ட்ஸ்மொபிலின் சொந்த ஊர் அதுதான் என்பதால் அந்த வண்டிகள் நிறையவே வரும். அப்படி ஒரு கூட்டத்தில் இரண்டு கதவு ஹார்ட்டாப் ஒன்று ஓரமாக நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் ஓல்ட்ஸ்மொபிலின் சின்னக் காரான சாதாரண எஃப்-85 என்றுதான் தோன்றும். பானெட் திறந்திருந்ததால் எட்டிப் பார்த்தேன். எஞ்சினின் தலைமேல் டர்போ, அதாவது உள்ளே காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி! 1962இல், செவ்ரோலேயின் கொர்வேர் மோன்சா ஸ்பைடரும் இதுவும் சில வார இடைவெளியில் சந்தைக்கு வந்தன. டர்போ பொருத்தி மக்களுக்கு விற்ற முதல் கார்கள் இவைதான். 215 கன அங்குல அலுமினிய வி8, 215 குதிரைத்திறன். கன அங்குலத்துக்கு ஒரு குதிரை என்று அந்தக் காலத்தில் பெருமையாக விளம்பரம் செய்தார்கள்.

இதில் ரசிக்க வேண்டியது பக்கத்திலிருந்த குட்டித் தொட்டிதான். எஞ்சினின் அழுத்த விகிதம், அதாவது உள்ளே போகும் கலவையை நெருக்கும் மடங்கு, 10.25. ஏற்கெனவே அதிகம். அதன்மேல் டர்போ வேறு காற்றைத் திணித்தால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். இன்றைக்கு அதைக் கவனித்துக்கொள்ள சென்சாரும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. அன்றைக்கு அவர்கள் கண்ட வழி, தண்ணீரும் மெத்தனாலும் பாதிக்குப் பாதி கலந்த திரவத்தை, அழுத்தம் ஏறும்போது உள்ளே பீய்ச்சிக் குளிர்விப்பது. டர்போ ராக்கெட் ஃப்ளூயிட் என்று பெயர் வைத்து டீலர் கடையில் விற்றார்கள். தொட்டி காலியானால் ஒரு வால்வு தானாக மூடி டர்போவின் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். எஞ்சின் தப்பித்துவிடும், ஆனால் காரில் வேகம் இருக்காது. திரவம் ஊற்ற மறந்தவர்கள் "வண்டி இழுக்கவில்லை" என்று புகார் சொல்லிக்கொண்டு வந்தார்கள். டர்போவைத் தொட்டே பார்த்திராத மெக்கானிக்குகள் என்ன செய்வார்கள்?

இரண்டே வருடம், சுமார் 9,600 கார்கள், அத்தோடு நிறுத்திவிட்டார்கள். 1965இல், விருப்பப்பட்டவர்களுக்கு டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் பொருத்தித் தருவதாக அறிவித்தார்கள். பலர் ஒத்துக்கொண்டார்கள். அதனால்தான் டர்போவோடு இருக்கும் ஜெட்ஃபயர் இவ்வளவு அரிது. அந்தக் காரின் உரிமையாளரிடம் "எப்படித் தப்பியது?" என்று கேட்டேன். "என் அப்பா டீலரிடம் போகவே மறுத்துவிட்டார். திரவம் ஊற்றுவது அவருக்குப் பிடிக்கும்" என்றார். டிக்கியில் இன்றும் ஒரு பாட்டில் வைத்திருக்கிறார், கலவையை அவரே தயாரிக்கிறார்.

அந்த அலுமினிய எஞ்சினின் ப்யூயிக் வடிவத்துக்கான உரிமை பிறகு இங்கிலாந்தின் ரோவருக்குப் போய், ரேஞ்ச் ரோவரிலெல்லாம் பல பத்தாண்டுகள் ஓடியது. அமெரிக்காவில் கைவிட்டதை அங்கே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

*

அண்ணா, நீங்கள் கேட்கும் ரகத்தில் எங்கள் ஊர்க் கார் ஒன்று இருக்கிறது. நான் இந்தியானாவில் சௌத் பெண்ட் பக்கம். ஸ்டூடபேக்கர் ஆலை இருந்த ஊர். அங்கே செய்த 1963 மாடல் வேகனேர் காரை இங்கே ஒருவர் வைத்திருக்கிறார்.

பார்க்க ஸ்டேஷன் வேகன்தான். ஆனால் கூரையின் பின்பகுதி மட்டும் முன்னால் நகர்ந்து உள்ளே போய்விடும். பின்கதவையும் இறக்கிவிட்டால் வண்டி பாதி பிக்கப். ஃபிரிட்ஜைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்தே ஏற்றலாம் என்றுதான் இதை விற்றார்கள். யோசனை மில்வாக்கியைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸுடையது. ஸ்டூடபேக்கரிடம் காசே இல்லாத நேரத்தில், கையிலிருந்த பாகங்களை வைத்துக்கொண்டே இப்படி ஒன்றை யோசித்தார் என்பதை நினைத்தால் அவர்மேல் பெரிய மரியாதை வருகிறது.

ஒரே சிக்கல், மழை. ஒழுகும். வாங்கியவர்கள் புகார் மேல் புகார் சொன்னதால், நகராத கூரை போட்ட வேகனேரையும் ஆலையே விற்க ஆரம்பித்தது. 1963 டிசம்பரில் சௌத் பெண்ட் ஆலையே மூடப்பட்டது. கனடாவில் ஹாமில்டன் ஆலை மட்டும் 1966 மார்ச் வரை ஓடியது.

அந்த உரிமையாளர் கூரையை என்னையே தள்ளிப் பார்க்கச் சொன்னார். கனமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கையில் நகர்ந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு ஊரைச் சுற்றினோம். சீட்டுக்குப் பின்னால் துண்டுகள் மடித்து வைத்திருந்தார், எதற்கு என்று கேட்கவே தேவையில்லை. இத்தனை வருடம் கழித்து ஜிஎம் நிறுவனம் என்வாய் எக்ஸ்யூவி என்ற வண்டியில் அதே நகரும் கூரையை 2004இல் கொண்டுவந்தது. அதுவும் நிலைக்கவில்லை.

*

சுருக்கமாக ஒன்று. அலபாமாவில் பிளிமத் சூப்பர்பேர்ட், 1970. மூக்கு நீண்டு, முதுகில் உயர்ந்து நிற்கும் இறக்கை. நாஸ்கார் பந்தயத்தில் ஓட்ட வேண்டுமானால் பொதுமக்களுக்கும் இத்தனை கார் விற்றிருக்க வேண்டும் என்ற விதிக்காகவே செய்தது, சுமார் 1,900 கார்கள். இதே விதிக்காக முந்தைய வருடம் செய்த டாட்ஜ் சார்ஜர் டேடோனா 503 கார்கள் மட்டும். அந்த டேடோனாவில்தான் பட்டி பேக்கர் 1970 மார்ச் 24இல் டலடேகாவில் மணிக்கு 200 மைலைத் தாண்டினார்.

கிட்டே போய்ப் பார்த்ததில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது கூரை. சூப்பர்பேர்ட் எல்லாவற்றுக்கும் கறுப்பு வினைல் கூரை ஏன் என்று எப்போதும் யோசிப்பேன். காற்று வழுக்கிப் போவதற்காகப் பின்கண்ணாடியை மாற்றி அமைத்தபோது, வெல்டிங் செய்த இணைப்பைத் தேய்த்து மெழுகிச் சீராக்க நேரமும் செலவும் ஆகும். அதனால் மேலே வினைலை ஒட்டி மறைத்துவிட்டார்கள். உரிமையாளர் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார், மேடு விரலில் தட்டுகிறது.

வாங்க ஆளில்லாமல் டீலர் கடைகளில் தூங்கிய சூப்பர்பேர்டுகளில் சிலவற்றின் மூக்கையும் இறக்கையையும் கழற்றி, பிளிமத்தின் சாதாரண ரோட் ரன்னர் காராக மாற்றி விற்றிருக்கிறார்கள். அண்ணன் கேட்ட கதைக்கு இதுவும் பொருந்தும்.

*

எல்லோரும் எஞ்சின், பந்தயம் என்றே பேசுகிறீர்கள். நான் பார்த்தது 1955 டாட்ஜ் லா ஃபெம். பெண்களுக்கென்று ஆலையிலேயே தனியாகச் செய்து விற்ற கார்.

கஸ்டம் ராயல் லான்சர் காருக்கு 143 டாலர் கூடுதல் கொடுத்தால் கிடைக்கும். வெளியே இளஞ்சிவப்பும் வெள்ளையும். உள்ளே இளஞ்சிவப்பு ரோஜா மொட்டுகள் நெய்த துணி சீட்டு. முன்சீட்டுகளின் முதுகில் பெட்டி மாதிரி இடம். ஒன்றில் தோல் கைப்பை, அதற்குள் லிப்ஸ்டிக் டப்பா, பவுடர் டப்பா, சீப்பு. இன்னொன்றில் அதே துணியில் மழைக்கோட்டு, தொப்பி, குடை. 1956இல் ஊதா நிறத்துக்கு மாற்றி இன்னொரு வருடம் ஓட்டினார்கள், அவ்வளவுதான்.

நான் பார்த்த காரில் குடை அசல். காருக்கே சொந்தக்காரரான அம்மா அதை விரிக்கவிடாமல் கையில் வைத்துக் காட்டினார். காரைவிட இந்தக் குடையும் பையும் கிடைப்பதுதான் கஷ்டமாம். பயன்படுத்தித் தேய்ந்து தூக்கிப் போட்டிருப்பார்கள், யார் எடுத்து வைப்பார்கள்?

பெண்கள் இதை ஒதுக்கிவிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பெரும்பாலான கடைகளில் காரை நிறுத்தி வைக்கவே இல்லை, ஒற்றைத் தாள் நோட்டீஸ் மட்டும் கொடுத்தார்கள். பார்க்காத காரை யார் வாங்குவது? 1950களில் ஒரு பெண் காரை அவளே தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு கம்பெனி நினைத்ததே பெரிய விஷயம். பெண்களைக் கேட்டுச் செய்யாமல், நிறத்தையும் லிப்ஸ்டிக்கையும் வைத்துச் செய்ததுதான் குறை.

*

அக்கா சொன்னது சரி. அந்தக் குடையை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

என்னுடையது 1969 செவ்ரோலே கமாரோ இசட்எல்1. சிகாகோ பக்கம் ரோஸ்மாண்டில் நவம்பரில் நடக்கும் கண்காட்சியில். சுற்றிலும் கோடு போட்டுப் பளபளக்கும் கார்கள். இது மட்டும் சாதாரண இரும்புச் சக்கரம், சின்ன ஹப் கேப். உள்ளே எஞ்சின் எவ்வளவு பெரியது என்று சொல்ல வெளியே ஓர் எழுத்துகூட இல்லை. தெரியாதவர்கள் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள்.

கமாரோ மாதிரி சின்னக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்பது ஜிஎம் தலைமையகத்தின் கட்டளை. ஆனால் டாக்ஸி, போலீஸ் வண்டி என்று மொத்தமாக வாங்குபவர்களுக்காக ஆர்டர் புத்தகத்தில் இல்லாததைச் செய்து தர கோப்போ என்று தனி வழி ஒன்று இருந்தது. அந்த வழியில் 9560 என்ற எண்ணில், கான்-ஆம் பந்தயத்துக்காக உருவாக்கிய முழு அலுமினிய 427 கன அங்குல எஞ்சினைக் கமாரோவுக்குள் வைத்தார்கள். மொத்தம் 69 கார்கள். அதில் 50ஐ ஆர்டர் செய்தவர் இல்லினாயில் லா ஹார்ப் என்ற சிற்றூர் டீலர் ஃப்ரெட் கிப். விலைச்சீட்டு வந்தபோது ஒவ்வொன்றும் 7,000 டாலருக்கு மேல். எஞ்சின் மட்டுமே 4,000 டாலரைத் தாண்டியது. ஊரில் யாராலும் வாங்க முடியவில்லை. பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பி, வேறு டீலர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

ஒரு சந்தேகம். வெளியே எதுவும் எழுதாத காரை அசல் என்று எப்படி நம்புவது?

*

நல்ல கேள்வி தம்பி. காகிதம்தான். பிளிமத், டாட்ஜ் போன்ற கிறைஸ்லர் வண்டிகளில், எந்தப் பாகத்தைப் பொருத்துவது என்று ஆலைத் தொழிலாளிகள் பார்த்துக்கொண்ட பில்ட் ஷீட் என்ற தாள், சீட்டு ஸ்பிரிங்குக்குள்ளோ பெட்ரோல் டேங்கின் மேலோ செருகியபடியே கிடைக்கும். ஃபோர்டு என்றால் 1967 முதலான உற்பத்தித் தகவல் மார்ட்டி என்ற நிறுவனத்திடம் இருக்கிறது, பணம் கட்டினால் அறிக்கை வரும். போண்டியாக்குக்கும் அப்படிப் பதிவுகள் கிடைக்கின்றன. செவ்ரோலேதான் கஷ்டம். அந்தக் கால அமெரிக்க செவ்ரோலேக்களுக்கு அப்படிக் கேட்டு வாங்கும் பதிவு இல்லை. கனடாவில் விற்றவற்றுக்கு மட்டும் ஜிஎம் கனடா கொடுக்கும். அதனால்தான் கோப்போ என்ற பெயரில் போலிகள் அதிகம். டீலர் பில், எஞ்சின் மேல் குத்திய எண், முதல் உரிமையாளரின் பழைய புகைப்படம், எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் நான் நம்புவேன்.

என் பட்டியலில் இன்னும் ஒன்று பாக்கி. கொர்வேர் பிக்கப்பில் பக்கவாட்டுச் சுவர் சாய்தளமாக இறங்கும் ராம்ப்சைடு வகையைப் பார்த்திருக்கிறேன், டெலிஃபோன் கம்பெனிகள் நிறைய வாங்கியது அது. அந்தச் சாய்தளம் இல்லாத லோட்சைடு வகை 1962இல் 369தான் செய்தார்கள், இதுவரை கண்ணில் படவில்லை. ஒஹையோ, பென்சில்வேனியா பக்கம் யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள். சனி ஞாயிறில் கிளம்பி வந்துவிடுவேன்.