பிள்ளைகளின் முதல் டிசைன் வேலை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஓவிய டீச்சர், திருவாரூர் பக்கம்

இரண்டு வருஷமாக மனசில் கிடக்கிற ஒன்றைச் சொல்லிவிட்டு உங்களிடமும் கேட்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, டெங்கு விழிப்புணர்வு போஸ்டர். மழைக்காலம் வந்தால் எல்லாப் பள்ளியிலும் கொடுக்கிற வேலைதான். 34 சார்ட் வந்தது. முக்கால்வாசியில் நடுவில் பெரிய கொசு, அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி, சுற்றிலும் பத்து வாசகம்.

ஒரு பையன் மட்டும் சார்ட்டின் கீழ் ஓரத்தில், உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு கொட்டாங்குச்சி வரைந்திருந்தான். அதில் கொஞ்சம் தண்ணீர். பக்கத்தில் 'கவிழ்த்து வை' என்று இரண்டே சொல். மீதி முழுக்க வெள்ளை. "ஏன்டா இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டிருக்கே, ஏதாவது போட்டு நிரப்பு" என்றேன். "அவ்வளவு பெரிய இடத்துல அது சின்னதாக் கிடந்தாத்தான் டீச்சர், நாம கவனிக்காம விட்டது தெரியும்" என்றான். நான் காதில் வாங்கவில்லை. மறுநாள் கண்காட்சி, அந்த அவசரம். அவன் ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்து, நான்கு பக்கமும் ஸ்கெட்ச் பேனாவால் பூ பார்டர் போட்டான். குனிந்தபடி ஒவ்வொரு பூவாக அவன் போட்டுக்கொண்டிருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அந்தச் சார்ட் என் பீரோவில் இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

சிவகாசி டிடிபி

டீச்சர், அச்சுக்குக் கணினியில் பக்கம் அமைத்துத் தருகிறவன் நான். எனக்கும் ஒன்று உண்டு. ஒரு பள்ளி ஆண்டு மலர், அட்டையை பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணே போட்டோஷாப்பில் செய்து பென் டிரைவில் கொண்டுவந்தது. நல்ல அட்டை. தலைப்பு 'பொன்விழா மலர்'. 600 பிரதி அச்சாகி, கட்டுப் பிரித்து முதல் புத்தகத்தை அந்தப் பெண்ணிடம்தான் கொடுத்தேன். வாங்கினதும் சிரித்தது, அப்புறம் அப்படியே விரலை 'பொ' மேல் வைத்தது. ப தனியாக நிற்கிறது, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் போய் ஒட்டியிருக்கின்றன. திரையில் பார்க்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் போட்டது சரியாகத்தான் இருக்கும் என்று அது நினைத்துவிட்டது. நானும் படித்துப் பார்க்காமல் அச்சு பிளேட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் தயவுசெய்து இதையெல்லாம் முதலிலேயே சொல்லுங்கள். பழைய போட்டோஷாப்பில் யூனிகோட் தமிழ், அதாவது இப்போது போனிலும் கணினியிலும் பொதுவாக வருகிற தமிழ், உடைந்தால் பிள்ளை தட்டச்சியது தப்பில்லை. பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவைப் போட்டுவிட்டு, புதுக் கோப்பு திறந்து தட்டச்ச வேண்டும். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், அதில் இந்தத் தொல்லை இல்லை. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டாதீர்கள். ஆங்கிலத்தில் அழகாக இருக்கும், தமிழில் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போய்விடும். அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் எங்கள் கணினியில் அந்த ஃபாண்ட் இல்லை என்று வேறொன்று வந்து உட்காரும். ஏ4 தாளுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். கூகுளில் எடுத்த கட்டைவிரல் அளவுப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் விடுங்கள், அதாவது பின்னணி வெட்டுக்கோட்டைத் தாண்டி அவ்வளவு நீளட்டும். இல்லாவிட்டால் கட்டிங் மிஷின் ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியும். திரையில் மின்னுகிற பச்சையும் ஊதாவும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில் வராது, மங்கித்தான் வரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள். கடைசியாக, பெரிய எழுத்தைத்தான் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. தலைப்பை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

பிளஸ் டூ அம்மா

சிவகாசி அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 14 வயசுப் பிள்ளையிடம் முதல் நாளே பிளீட், 300 என்று ஆரம்பித்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிடும். அந்தப் பெண்ணிடம் இருந்த குறை பிளீட் தெரியாதது இல்லையே? தமிழ் எழுத்தை உற்றுப் பார்க்க அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதுதான்.

என் மகன் பத்தாவது படிக்கும்போது விடுமுறை வேலையாக, ஊரில் ஐந்து கடைப் பலகையைப் படம் எடுத்து அதில் ஒன்றைத் திரும்ப வரைந்து வரச் சொன்னார்கள். இதைவிட நல்ல முதல் வேலை எனக்குத் தெரிந்து கிடையாது. அவன் எங்கள் மாமனார் கடையை எடுத்தான். 'அண்ணாமலை ஸ்டோர்', 1970 வாக்கில் எழுதிய பலகை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்பதால் அதில் ணா சுழித்துக்கொண்டு ஒரே எழுத்தாக இருக்கும், லை யானைத் தும்பிக்கை தூக்கினது மாதிரி இருக்கும். ஒரு வாரம் உட்கார்ந்தான். டிரேசிங் பேப்பர் வைத்து அளந்தான். தூரிகை எங்கே அழுத்தியிருக்கிறது, எங்கே எடுத்திருக்கிறது என்று தாத்தாவையும் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துக் காட்டினான்.

நோட்டு திரும்பி வந்தபோது ணாவையும் லையையும் சிவப்பு மையில் வட்டமிட்டு 'எழுத்துப் பிழை' என்று போட்டிருந்தது. என் மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்தார். "நாங்க படிச்சதெல்லாம் பிழையாப் போச்சாடா?" என்று கேட்டார். நான் பள்ளிக்குப் போய் யாரிடமும் கேட்கவில்லை. போயிருக்க வேண்டும்.

புதுசா வேலைக்குச் சேர்ந்தவன், சென்னை

அக்கா சொன்னதைப் படித்ததும் எங்கள் பெரியப்பா வீட்டு நிலைவாசல் எழுத்து ஞாபகம் வந்தது. ஆனால் அச்சு விஷயமே பள்ளியில் வேண்டாம் என்கிற மாதிரி எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை.

எனக்குக் கொடுத்த முதல் வேலை பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு லோகோ. பூமி, அதைத் தாங்கும் இரண்டு கை, மரம், ஆறு, சூரியன், மூன்று பறவை, ஏழு கலர். ஏ3 தாளில் பிரின்ட் எடுத்து ஒட்டியபோது கை தட்டினார்கள். அதையே ஒரு அங்குலத்துக்குக் குறைத்து பேட்ஜ் அடித்து எல்லாருக்கும் குத்திவிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் சட்டையில் இருந்ததைப் பிடித்து இழுத்து, ரொம்ப மரியாதையாக "அண்ணா, இதுல என்ன இருக்கு?" என்று கேட்டான். என்னாலேயே சொல்ல முடியவில்லை. ஒரு பச்சைத் திட்டு, அவ்வளவுதான்.

யாராவது ஒருவர் முன்கூட்டியே "போய் ஜெராக்ஸ் கடையில் இதைச் சின்னதாக்கிக் கறுப்பு வெள்ளையில் ஒரு காப்பி எடுத்துட்டு வா" என்று சொல்லியிருந்தால் போதும். ஒன்றிரண்டு ரூபாயில் முடிகிற பாடம். அச்சுக் கட்டுப்பாடு பிள்ளையைப் பயமுறுத்தும் என்று ஏன் நினைக்கிறீர்கள் அக்கா? 'இரண்டே கலர், தீப்பெட்டி அளவு, ஒரே படம்' என்று எல்லை போட்டுக் கொடுத்துப் பாருங்கள், அப்போதுதான் மூளை வேலை செய்யும். பழைய தீப்பெட்டி லேபிள்களைப் பாருங்கள், அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு கிளியோ சாவியோ எப்படித் தெளிவாக நிற்கிறது! சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். கறுப்புத் தாளை வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டினாலே போதும், எது உருவம் எது பின்னணி என்று கை பழகிவிடும். பிளஸ் டூ கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் புத்தகத்தில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் வருகிறதே, அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். யூனிகோட் தமிழ் அதில் ஏறாது. மெனு பெயரை மனப்பாடம் பண்ணினவன் டிசைனர் ஆகிவிட மாட்டான்.

கணக்கு டீச்சர் (ஓவியம் தெரியாது)

எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லை, அந்தப் பீரியடும் என்னிடம் வந்தது. 'கிரிட்' (வரையத் துணையாகும் கட்ட அமைப்பு) என்று போர்டில் எழுதிவிட்டு விளக்கத் தெரியாமல் நின்றேன். கடைசி பெஞ்சுப் பெண், என் பாடத்தில் எப்போதும் தோற்கிறவள், "மிஸ், புள்ளி வைக்கிறதா?" என்று கேட்டுச் சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "கால் பங்கு போட்டா போதும் மிஸ், மீதி அதுவே வந்துரும்" என்றாள். சமச்சீரை நான் மூன்று வாரம் நடத்தியிருந்தேன். அதே புள்ளிகள் மேல் அன்றைக்கு எல்லாரும் அவரவர் பெயரின் முதல் எழுத்தை வரைந்தோம்.

அந்தப் பரீட்சையிலும் அவளுக்கு 22 மார்க்தான் போட்டேன். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சிவகாசி டிடிபி

அம்மா சொன்னது சரிதான், நான் கடைக்காரன் மாதிரியே பேசிவிட்டேன். அந்த அண்ணாமலை ஸ்டோர் எழுத்து இன்னும் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் நேராக நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள். பலகை போனால் அந்த ணா போய்விடும்.

திருவாரூர் டீச்சர், அந்தச் சார்ட்டை ஸ்கேன் பண்ணி அனுப்புங்கள். பார்டரை எடுத்துவிட்டு, ஏ3-இல் 20 பிரதி போட்டுத் தருகிறேன். காசு வேண்டாம். எங்கள் பக்கம் சிரட்டை என்போம், அது கிடக்காத வீடு கிடையாது.

ஓவிய டீச்சர், திருவாரூர் பக்கம்

எல்லாருக்கும் நன்றி. கணக்கு டீச்சர், இந்த வாரமே புள்ளிக் கோலத்தை எடுக்கப் போகிறேன்.

அந்தப் பையன் இப்போது எங்கள் பள்ளியிலேயே பிளஸ் ஒன். நேற்று இடைவேளையில் கூப்பிட்டு பீரோவைத் திறந்து சார்ட்டைக் கொடுத்தேன். "நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி, நான்தான் கேட்கலை" என்று சொன்னேன். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, சுருட்டியிருந்ததை விரித்து மேஜைமேல் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். சிவகாசியில் அச்சடித்துத் தருகிறார்கள், பூவெல்லாம் எடுத்துவிடலாம் என்றேன்.

"சரி டீச்சர்" என்றான். அப்புறம் கொட்டாங்குச்சி மேல் விரலை வைத்து, "இதை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கிடலாமா?" என்று கேட்டான்.