புதுப்பிப்பு: 150% அளவில் மங்கிய டூல்பார் ஐகான்கள்

திரையில் எழுத்து, ஐகான்களைப் பெரிதாக்கும் ஸ்கேலிங் அளவை 150% ஆக்கினால் டூல்பார் ஐகான்கள் மங்குகின்றன, எஸ்விஜிக்கு (பிக்சல்களாக இல்லாமல் கோடுகளாகவே படத்தைச் சேமிக்கும் வெக்டர் வடிவம்) மாற்றியும் பயனில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

16 பிக்சல் ஐகான் 150%இல் 24 ஆகிறது. அதிலுள்ள 1 பிக்சல் கோடு ஒன்றரை பிக்சல் ஆகிவிடும். அரை பிக்சலைத் திரையால் காட்ட முடியாது, அதனால் ஓரத்தில் சாம்பல் நிறம் பூசிவிடுகிறது. வெக்டராக இருந்தாலும் இதே கதைதான்.

அதனால் 16, 20, 24, 32 என ஒவ்வோர் அளவுக்கும் தனியாக வரைந்தேன். பாடாய்ப் படுத்தியது 125%க்கான 20தான். ‘சேமி’ ஐகானில் ஃபிளாப்பியின் லேபிளில் இருந்த இரண்டு கோடுகளில் ஒன்றை எடுத்த பிறகுதான் அடங்கியது. யாரும் கவனிக்கவில்லை!

அப்புறம், 1 பிக்சல் கோட்டின் மையத்தை 7இல் வைக்காமல் 7.5இல் வையுங்கள். அப்போது கோடு 7 முதல் 8 வரை ஒரு முழுப் பிக்சலில் அடங்கி, பளிச்சென்று நிற்கும்.