அப்டேட்: எடிட்டிங் சிஸ்டத்துக்கு எஸ்எஸ்டி வாங்கியாச்சுங்க

போன மாசம் கேட்டிருந்தேன்ல, சேலம் அஞ்சு ரோடு பக்கம் நம்ம கல்யாண வீடியோ எடிட்டிங் ரூம்ல இருக்க சிஸ்டத்துல ஃபுட்டேஜ் காப்பி பண்றப்ப எஸ்எஸ்டி (ஃபைல் எல்லாம் சேமிக்கிற டிரைவ்) வேகம் பாதியில செகண்டுக்கு 80 எம்பிக்கு படுத்துருதுன்னு, ஆளாளுக்கு ஒண்ணு சொன்னீங்க, கடைசியா சாம்சங் 990 ப்ரோ 2 டிபி வாங்கிட்டேன்.

பழசு க்யூஎல்சி (ஒரு செல்லுல நாலு பிட் அடைக்கிற, எழுத மெதுவான சிப்), டிராமும் (எந்த டேட்டா எங்க இருக்குன்னு குறிச்சு வைக்கிற வேக மெமரி) கிடையாது, கேஷ் (வர்ற டேட்டாவ முதல்ல வாங்கி வைக்கிற வேகமான இடம்) ரொம்புற வரைக்கும்தான் அந்த வேகமெல்லாம். பாக்ஸ்ல போட்ட நம்பரை பாத்து ஏமாந்தது என் தப்புதான். புதுசு டிஎல்சி (செல்லுக்கு மூணு பிட்தான், எழுத அதைவிட வேகம்), டிராம் இருக்கு, வாரண்டி 5 வருஷம் இல்லன்னா 1200 டிபி எழுதுற வரைக்கும், எது முதல்ல வருதோ அது. நான் தினம் 150 ஜிபி எழுதினாலும் அந்த 1200 டிபிய தொட 20 வருஷத்துக்கு மேல ஆகும், இதுக்கு போய் தூக்கம் கெட்டு கணக்கு போட்டுட்டு இருந்தேன் பாருங்க!

நேத்து ஓமலூர் கல்யாணம், 400 ஜிபி ஒரே மூச்சுல ஏத்துனேன், நடுவுல வேகம் கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா படுக்கல. முதல்ல ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளிய விடுற உலோகத் தகடு) மாட்டாம விட்டதுல மத்தியானம் 74 டிகிரி காட்டுச்சு, நம்மூர் வெயிலு அப்படி, மாட்டுனதும் 58.

இந்த மாதிரி டிரைவ்ல கரண்ட் போனா தாங்குற கெப்பாசிட்டர் இருக்காதுன்னு ஒரு அண்ணா சொன்னாரு, அதனால யூபிஎஸ் பேட்டரியும் மாத்தியாச்சு. பழசு இப்ப பேக்கப்புக்கு மட்டும்.