டரான்டுலா சிலந்தி வளர்ப்பவங்க யாராவது வழி சொல்லுங்க

வணக்கம். காட்பாடியில் இருக்கேன். எங்கிட்ட ஒரு சிலி ரோஸ் டரான்டுலா இருக்கு, பெண். பகல் முழுக்க வளைக்குள்ளேயே கிடக்கும். ராத்திரி சிவப்பு டார்ச் அடிச்சாத்தான் முன்னங்கால் கண்ணுல படும். இப்போ வளை வாசலை நூலும் மண்ணும் சேர்த்து அடைச்சிடுச்சு. கடைசியா பார்த்தப்போ வயித்து மேல முடி உதிர்ந்த இடம் கருத்துப்போய் பளபளன்னு இருந்துச்சு. சட்டை உரிக்கப் போகுதுன்னு நினைக்கிறேன். அதனால உயிரோட பூச்சி எதுவும் விடல. உரிச்ச புதுசுல உடம்பு மெத்துன்னு இருக்கும், இரையே அதைக் கடிச்சிடும். தண்ணிக் கிண்ணம் மட்டும் நிரப்பி வைக்கிறேன்.

கவலையெல்லாம் வெயில்தான். அக்னி நட்சத்திரத்துல வேலூர் 40 டிகிரி தாண்டும், கரன்ட்டும் போகும். பெட்டியை நிழலான மூலையில தரையிலயே வெச்சிருக்கேன். அது போதுமா? மண்ணோட ஒரு ஓரத்தை மட்டும் நனைக்கலாமா? உரிச்சதும் வெளுத்திருக்கிற பல்லு நல்லா கருக்கிற வரைக்கும் இரை கொடுக்காம காத்திருக்கணும்தானே?

வீட்ல தோண்டிப் பாருன்னு சொல்றாங்க. நான் தொடமாட்டேன். பெண் சிலந்தி 15 வருஷத்துக்கு மேலயும் வாழும், அவசரப்பட்டு இழக்க மனசில்லை. இங்க மாடு, நாய் பார்க்கிற டாக்டர்களுக்கு இது புதுசு. சிலந்தி பார்க்கிற டாக்டர் வேலூர், சென்னைப் பக்கம் இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.