பொருள்: மறு: ஃப்ளோட்டுக்கு ‘மிதவை’யா ‘ஒதுங்கல்’லா

வணக்கம்.

வலைப்பக்கத் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் (CSS) மொழியில், பக்கத்தின் ஒரு பகுதியை, அதாவது ஒரு பெட்டியை, இடது அல்லது வலது ஓரத்துக்குத் தள்ளும் பண்பு ஃப்ளோட் (float). அதற்குத் தமிழில் ‘ஒதுங்கல்’ என்பது என் யோசனை. ‘மிதவை’ என்று முன்மொழிந்த நண்பருக்கு: எண்களில் மிதவைப்புள்ளி (floating point, தசம எண்களைக் கணினி வைக்கும் முறை) இருக்கிறது, அங்கே இருக்கட்டும். சிஎஸ்எஸ்ஸுக்கு அது சரிப்படாது. மிதவை என்றால் மற்ற பெட்டிகளின் தலைமேல் ஏறி நிற்கும் என்றுதான் தோன்றும். அது, எந்தப் பெட்டி மேலே, எது கீழே என்று அடுக்கும் இசட்-இண்டெக்ஸ் (z-index) பண்பின் வேலை. ஃப்ளோட் செய்த பெட்டி பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்திலோ முன்பே ஒதுங்கிய பெட்டியிலோ முட்டி நிற்கிறது. பின்வரும் எழுத்து அதைச் சுற்றி ஓடுகிறது. பெங்களூர் மழையில் கடையோரம் ஒதுங்குவதைப் போல. இங்கே இடமில்லையா, அடுத்த கடை.

பெங்களூர்ப் பகுதிப் பெயர்களைப் பட்டியலில் போட்டுப் பாருங்கள். வரிசைக்கு மூன்று உருப்படி, எல்லாம் இடப்பக்க ஃப்ளோட்: ராஜராஜேஸ்வரி நகர், அல்சூர், சிவாஜிநகர், விவேக்நகர். முதல் பெயர் நீளம், இரண்டு வரியாக மடிந்து அந்தப் பெட்டி மட்டும் உயர்ந்துவிடும். நான்காவதான விவேக்நகர் இடது ஓரத்துக்குப் போகாது. உயர்ந்த பெட்டியின் பக்கவாட்டில் தட்டி, அல்சூருக்குக் கீழேயே நின்றுவிடும். நம் ஊர்ப்பெயர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்! ஒவ்வொரு வரிசையின் முதல் உருப்படிக்கும் க்ளியர் லெஃப்ட் (clear: left) என்ற பண்பைக் கொடுத்தால் தீரும்.

அந்த க்ளியருக்கு ‘நீக்கு’ என்று போட்டிருந்தீர்கள். அது எதையும் நீக்குவதில்லை. ஒதுங்கி நிற்பவற்றைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. ‘தாண்டல்’ என்பது என் யோசனை.

அப்புறம், உருப்படிகள் எல்லாமே ஒதுங்கிவிட்டால் பட்டியலின் உயரம் பூஜ்யமாகி, பின்னணி நிறம் காணாமல் போகும். பட்டியலுக்கு டிஸ்ப்ளே ஃப்ளோ-ரூட் (display: flow-root, ஒதுங்கிய பெட்டிகளையும் தன் உயரத்தில் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு) கொடுத்தால் உயரம் திரும்பிவிடும். அதற்கும் ஒரு சொல் வேண்டும், எனக்கு இன்னும் அகப்படவில்லை.

பெட்டிகளை வரிசையாகவும் கட்டங்களாகவும் அடுக்கும் புதிய முறைகளான ஃப்ளெக்ஸும் (flex) கிரிட்டும் (grid) வந்த பிறகு இந்த வேலை எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். மெனு வரிசைக்கு ஃப்ளெக்ஸே மேல், மறுக்கவில்லை. ஆனால் படத்தைச் சுற்றி எழுத்தை ஓடவிட இன்றும் ஃப்ளோட்தான் கைகொடுக்கிறது. 1996இல் சிஎஸ்எஸ் முதல் பதிப்பிலேயே வந்த பண்பு; பழைய வலைப்பக்க வார்ப்புருக்களைத் (template) திறந்தால் முழுக்க இதுதான்.

‘ஒதுக்கல்’ மட்டும் வேண்டாம், கணினியின் நினைவக ஒதுக்கீட்டோடு (memory allocation) குழம்பும். ஃப்ளோட் லெஃப்டுக்கு ‘இடதொதுங்கல்’ என்று புணர்த்தினால் வாசிக்க இடறுகிறது. ‘இடப்பக்க ஒதுங்கல்’ என்று பிரித்தே எழுதலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.