புதுப்பிப்பு: மீன்தொட்டி விளக்கு விட்டு விட்டு எரிந்ததன் காரணம்

மீன்தொட்டியின் எல்இடி விளக்கு போட்ட சிறிது நேரத்தில் விட்டு விட்டு எரிந்து, பிறகு அணைந்தேபோகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். விளக்கையே மாற்றச் சொல்லிப் பலர் யோசனை தந்தீர்கள். நல்லவேளை, அதற்குத் தேவை வரவில்லை. கோளாறு அடாப்டரில்தான்.

விளக்கு 12 வோல்ட், 18 வாட். அதாவது ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். அடாப்டரை மட்டும் மல்டிமீட்டரில் அளந்தபோது 12 வோல்ட் கச்சிதமாகக் காட்டியது. விளக்கை இணைத்ததும் 8 வரை இறங்கி ஊசலாடியது. எனவே சுமை இல்லாமல் அளந்துவிட்டு அடாப்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். சூட்டில் உள்ளிருக்கும் மின்தேக்கி (கபாசிட்டர்) வறண்டுபோனால் இப்படித்தான் ஆகும். வேறு அடாப்டரில் அதே விளக்கு நிதானமாக எரிந்தது.

இப்போது 12 வோல்ட், 3 ஆம்பியரில் புதியது வாங்கிவிட்டேன். ஆம்பியர் கூடுதலாக இருப்பதால் கெடுதல் இல்லை. விளக்கு தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். வோல்டும், பிளக்கின் நேர், எதிர் முனைகளும் மட்டும் மாறவே கூடாது.

பிளக்கின் உள்ளே பச்சைக் களிம்பும் பிடித்திருந்தது. தொட்டியின் ஈரக்காற்று செய்த வேலை அது. வழியும் நீர் சுவர் பிளக்கை எட்டாமல் கீழே சொட்டிவிடும்படி, வயரை அதைவிடத் தாழ்வாக வளைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.

தொட்டிக்குள் கைவிடும் முன் ஹீட்டர், ஃபில்டர் உட்பட எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லை என்பதே பெரிய கவலை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஒன்றைப் பொருத்த நாளை எலக்ட்ரீஷியன் வருகிறார்.